849 ரூபாய் பஃபேயும் என் கலோரிக் கணக்கும்

எனக்கு எச்பிஏ1சி, அதாவது இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, 6.1. சர்க்கரை நோய் இன்னும் வீட்டுக்குள் வரவில்லை, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். அவர் அனுப்பிவைத்த டயட்டீஷியன் அம்மா ஒரு நாளைக்கு 1,800 கலோரி, எண்ணெய் நாலு டீஸ்பூன், அதற்கு மேல் கூடாது என்று எழுதிக் கொடுத்து, போனில் கலோரிக் கணக்கு எழுத ஒரு ஆப்பையும் அவரே போட்டுவிட்டார். இரண்டு மாதம் பிரச்சினையே இல்லை. வீட்டுச் சாப்பாட்டுக்குக் கணக்கு எழுதுவது பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது. இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் சாம்பார், தட்டினால் எண் வந்துவிடும்.

அப்புறம்தான் எங்கள் கல்யாண நாள் வந்தது. மாமா, அதாவது மனைவியின் அப்பா, எல்லாரையும் பஃபேக்கு அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டார். வடபழனிப் பக்கம் நடுத்தரமான ஒரு ஹோட்டல், சுத்த சைவம், வார நாள் மதியம் ஆளுக்கு 849 ரூபாய், 5 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 891 சொச்சம். பெயர் போடவில்லை. நான் சொல்லப்போகிற குறை கிட்டத்தட்ட எல்லா பஃபேக்கும் பொருந்தும், இவர்களை மட்டும் இழுத்துவிடுவது நியாயமில்லை. ஆப்பின் பெயரும் வேண்டாம், அதே காரணம்தான்.

நுழைந்ததும் சூப், அப்புறம் ஸ்டார்ட்டர் மேசை, வலது பக்கம் சாட் கவுண்டர், அதை ஒட்டி தோசைக்கல் போட்ட லைவ் கவுண்டர், நடுவில் மூடி போட்ட பாத்திரங்கள் வரிசையாக, கடைசியில் கண்ணாடிக்குள் இனிப்பு. நாற்பது வகைக்குக் குறையாது. எந்த மூடியின் முன்னாலும் பெயர் அட்டை உண்டு, கலோரி கிடையாது. நம் ஊரில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, மத்திய உரிமம் வாங்கிய உணவகங்களும் பத்தும் அதற்கு மேலும் கிளை வைத்திருக்கிறவர்களும் மெனுவில் ஒரு பரிமாறலுக்கு எத்தனை கிலோ கலோரி (நாம் கலோரி என்று சொல்வது இதைத்தான்) என்று போட வேண்டும், 2022 ஜூலையிலிருந்து. அதனால்தான் பெரிய பீட்சா கடை மெனுவில் எண் இருக்கும், தெருமுனை மெஸ்ஸில் இருக்காது. ஆனால் பஃபேயில் ஒரு பரிமாறல் என்றால் எவ்வளவு? நான் ஒரு கரண்டி போட்டால் அது ஒன்று, என் மகள் போட்டால் அது மூன்று. அமெரிக்காவில் இருபதும் அதற்கு மேலும் கிளை உள்ள உணவகங்கள் 2018 மே முதல் பஃபே மேசையிலும் ஒவ்வொரு பதார்த்தத்தின் பக்கத்திலேயே எண்ணை எழுதி வைக்க வேண்டியிருக்கிறது, கரண்டிக்கு இவ்வளவு, துண்டுக்கு இவ்வளவு என்று. அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

சரி, ஆப்புக்கு வருவோம். ஆண்டுச் சந்தா கட்டினால் போட்டோ வசதி கிடைக்கிறது, தட்டைப் படம் எடுத்தால் ஏஐ பார்த்துச் சொல்லிவிடுமாம். நானும் கட்டியிருந்தேன். முதல் தட்டில் கோபி மஞ்சூரியன் ஐந்து துண்டு, பனீர் டிக்கா மூன்று, வெள்ளரிக்காய் கேரட் கொஞ்சம். படம் எடுத்தேன். கோபியைச் சிக்கன் என்றது. சுத்த சைவ ஹோட்டலில் உட்கார்ந்துகொண்டு அதைத் திருத்திக்கொண்டிருந்தேன். பொடி தோசையை பேன்கேக் என்றது, மேப்பிள் சிரப் ஊற்றியிருக்கிறீர்களா என்று வேறு கேட்டது. தயிர் சாதத்துக்கு ஓட்ஸ் கஞ்சி என்று பெயர் வைத்தது. சிரித்துவிட்டு நானே கையால் தேடிப் போட்டேன், அங்கேதான் உண்மையான தலைவலி. பனீர் பட்டர் மசாலா என்று தட்டினால் ஒரு கிண்ணத்துக்கு 180 என்று ஒன்று, 310 என்று ஒன்று, 450 என்று ஒன்று. எல்லாமே யாரோ பயனர்கள் போட்டு வைத்தவை. கிண்ணம் எவ்வளவு பெரியது என்று யாரும் எழுதவில்லை. மனித சுபாவம், நான் 180ஐத்தான் தேர்ந்தெடுத்தேன்.

மாமா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பொறுக்க முடியாமல், "மாப்பிள்ளை, தொள்ளாயிரம் ரூபா குடுத்துட்டு சோத்தைப் போட்டோ எடுத்துட்டு இருக்கீங்களே, ஆறிடும், சாப்பிடுங்க" என்றார். சாப்பிட்டேன். வெளியே வரும்போது ஆப் காட்டிய மொத்தம் 1,060. பெருமையாகத்தான் இருந்தது, பஃபேக்குப் போயும் இவ்வளவுதானா என்று.

அந்தப் பெருமை ஞாயிற்றுக்கிழமை வரைதான் நீடித்தது. வீட்டில் சும்மா இருந்தபோது சந்தேகம் வந்து, மனைவியிடம் சொல்லி, பனீர் பட்டர் மசாலாவை எல்லாவற்றையும் தராசில் வைத்துச் செய்தோம். பனீர் 200 கிராம், அது 520 கலோரி. வெண்ணெய் 30 கிராம், 215. எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன், 120. ஃப்ரெஷ் கிரீம் 50 மில்லி, 125. முந்திரி 20 கிராம், 115. வெங்காயம் தக்காளி எல்லாம் சேர்த்து 100. மொத்தம் 1,195. ஹோட்டலில் வைத்திருந்த மாதிரியே இருந்த குழிக்கரண்டியில் அளந்தால் பத்துக் கரண்டி வந்தது, கரண்டிக்கு 80 மில்லி. ஆக வீட்டுக் கைப்பக்குவத்திலேயே ஒரு கரண்டி 120. ஹோட்டலில் ஓரமாக மிதந்த சிவப்பு எண்ணெயை நினைத்துப் பார்த்து அதை 180 என்று வைத்துக்கொண்டேன். ஆப்பில் ஒரு முழுக் கிண்ணத்துக்கு நான் போட்டிருந்ததே 180தான்.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் 528 உணவுப் பொருட்களுக்கு வெளியிட்ட அட்டவணையையும் புரட்டினேன். அருமையான வேலை, ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் சமைக்காத பொருட்கள். பனீர் இருக்கும், பட்டர் மசாலா இருக்காது. நடுவில் சமையல்காரர் ஊற்றுகிற எண்ணெய் எந்த அட்டவணையிலும் வராது, எந்த கேமராவுக்கும் தெரியாது. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. கோபியை ஒரு தடவை எண்ணெயில் பொரித்து, மறுபடி கடாயில் எண்ணெய் விட்டு சாஸில் புரட்டுகிறார்கள். படத்தில் பார்த்தால் அது வெறும் காலிஃபிளவர்.

அன்றைக்குச் சாப்பிட்டதை ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதினேன். கிரீம் போட்ட தக்காளி சூப் 100, கோபி 200, டிக்கா 220, காய்கறி 30, பட்டர் நான் பாதி 140, மசாலா ஒரு கரண்டி 180, வெஜ் பிரியாணி இரண்டு கரண்டி 270, தயிர்ப் பச்சடி 40, தயிர் சாதம் 110, சின்னப் பொடி தோசை 180, குலாப் ஜாமூன் ஒன்று 150, ஐஸ்கிரீம் ஒரு ஸ்கூப் 120. கூட்டினால் 1,740. எனக்கு நாள் முழுவதற்கும் 1,800. இத்தனைக்கும் நான் கட்டுப்பாடாகச் சாப்பிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன், எதையும் இரண்டாம் தடவை வாங்கவில்லை. பஃபேயில் மாட்டிக்கொள்வது இப்படித்தான். எல்லாமே கொஞ்சம்தான், ஆனால் பன்னிரண்டு கொஞ்சம்.

இந்த எண்கள் துல்லியமா என்று கேட்டால், இல்லை. நூறு இருநூறு முன்னே பின்னே இருக்கும். ஆனால் 1,060க்கும் 1,740க்கும் உள்ள வித்தியாசம் முன்னே பின்னே கணக்கில் வராது. அது ஒரு வேளைச் சாப்பாடு.

இரண்டு வாரம் கழித்து மைத்துனனுக்கு வேலை உயர்வு, அதே ஹோட்டல், அதே ஆட்கள். இந்த முறை போனைப் பையிலேயே வைத்துவிட்டு, வெறும் கையோடு ஒரு சுற்று நடந்தேன். எல்லா மூடியையும் திறந்து பார்த்து, எதைத் தொடப்போகிறேன், எதை விடப்போகிறேன் என்று முடிவு செய்துகொண்டு, உட்கார்ந்து எழுதிவிட்டு, அதற்குப் பிறகுதான் தட்டை எடுத்தேன். சாப்பிட்டுவிட்டு எழுதுவதற்கும் எழுதிவிட்டுச் சாப்பிடுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். பிறகு எழுதினால் ஆப்பிடம் பேரம் பேசுவோம். முன்னால் எழுதினால் நாக்கிடம் பேச வேண்டியிருக்கிறது, அது கஷ்டம்தான், ஆனாலும் வேலை செய்கிறது.

இரண்டாவது, கிராமை மறந்துவிட்டுக் கரண்டியைப் பிடித்துக்கொண்டேன். பஃபேயில் இருக்கிற ஒரே நிலையான அளவு அதுதான். லைவ் கவுண்டரில் நின்ற மாஸ்டரிடம், "அண்ணே, எல்லாப் பாத்திரத்திலும் ஒரே கரண்டியா?" என்று கேட்டேன். அவர் முதலில் என்னை உணவு ஆய்வாளர் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, முகம் மாறியது. சர்க்கரை விஷயம் என்று சொன்னதும் சிரித்துவிட்டு, "கிரேவிக்கு ஒண்ணு, சாதத்துக்கு தட்டைக் கரண்டி சார். கீரைக் கூட்டு எடுத்துக்குங்க, அதுல தாளிப்பு மட்டும்தான் எண்ணெய். மத்ததைக் கேக்காதீங்க" என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்காகவே இந்த ஹோட்டலுக்கு ஒரு நட்சத்திரம் கூடுதலாகத் தருகிறேன். தோசையும் சொன்னபடி, கல்லைத் துடைத்துவிட்டு எண்ணெய் இல்லாமல் ஊற்றித் தரத் தயாராக இருந்தார், அன்றைக்கு நான்தான் வாங்கவில்லை.

சூப்புக்குப் பதில் ரசம், 30. டிக்கா நான்கு துண்டு, 290, புரதம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சாட் கவுண்டர் ஓரத்தில் யாரும் தொடாமல் கிடந்த கொண்டைக்கடலை சுண்டல் ஒரு கிண்ணம், 150. கோபி இரண்டே துண்டு, 80, அதை முழுக்க விட மனசு வரவில்லை. பிரியாணி ஒரு கரண்டி 135, கூட்டு இரண்டு கரண்டி 120, தயிர் சாதம் 110. பட்டர் நான், பட்டர் மசாலா, ஐஸ்கிரீம் மூன்றும் கிடையாது. இனிப்பு வேண்டாம் என்றுதான் எழுதியிருந்தேன். மாமா தன் ஜாமூனைக் கரண்டியால் வெட்டிக்கொண்டே, "முழுசு எவ்வளவு மாப்பிள்ளை?" என்றார். 150 என்றேன். "அப்போ பாதி 75 தானே" என்று என் தட்டில் வைத்துவிட்டார். போன தடவை கேலி செய்தவர் இந்த முறை கணக்கிலேயே என்னை மடக்கிவிட்டார், என்ன செய்வது, சாப்பிட்டேன். மொத்தம் 990. கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்க்கு 15 சதவீதம் சேர்த்து 1,140 என்று போட்டுக்கொண்டேன். காலையில் இரண்டு இட்லி, ராத்திரி மோரும் ஒரு கொய்யாவும், அன்றைய தினம் 1,800க்குள்தான் முடிந்தது. பசியும் இல்லை, வருத்தமும் அவ்வளவாக இல்லை. பட்டர் நானைப் பற்றி மட்டும் கொஞ்சம் உண்டு.

ஆப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எழுதி வைக்கிற நோட்டாக அது நல்ல நோட்டு. வீட்டுச் சமையலை ஒரு முறை அளந்து நம் சொந்தப் பதிவாகச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம், அந்த வசதி இலவசப் பதிப்பிலேயே இருக்கிறது. என் பட்டர் மசாலா கரண்டி, என் பிரியாணி கரண்டி என்று இப்போது பதினான்கு பதிவு வைத்திருக்கிறேன், கல்யாண வீட்டுப் பந்திக்கும் அவை உதவுகின்றன. போட்டோ வசதிக்காகக் காசு கட்டுவது தண்டம், பர்கரும் வாழைப்பழமும் மட்டும் சாப்பிடுகிறவர் என்றால் யோசிக்கலாம். சந்தாவை நிறுத்தப் போனால் ஐந்து இடத்தில் "நிச்சயமாகவா?" என்று கேட்டது.

ஹோட்டலுக்கு ஐந்துக்கு மூன்றரை, மாஸ்டருக்காகச் சேர்த்ததோடு. கூட்டும் ரசமும் வீட்டு ருசி, டிக்கா காயாமல் மெதுவாக இருந்தது, பிரியாணி சுமார். பிரியாணித் தட்டைக் கரண்டியைக் கிரேவியில் போட்டு வைத்திருந்தார்கள் இரண்டாம் முறை, என் மாதிரி ஆளுக்கு அது பெரிய துரோகம், சொன்னதும் மாற்றினார்கள். தட்டு பெரியது, விளிம்பு வரை நிரப்பத் தோன்றும், இனிப்புக்கு வைத்திருக்கிற சின்னத் தட்டிலேயே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. பன்னிரண்டரைக்கே போய்விடுங்கள், ஒன்றரைக்கு மேல் கோபிக்கு வரிசை நிற்கிறது, வரிசையில் நிற்கும் நேரத்தில்தான் எழுதி வைத்ததெல்லாம் மறந்துபோகிறது. வண்டி நிறுத்த இடம் கிடையாது, மெட்ரோவில் இறங்கி நடந்து வந்தால் அந்தக் கொஞ்ச நடையையும் ஆப்பில் போட்டுக்கொள்ளலாம்.