சாயம் ஏறிய பிறகு: ஃப்ளேக்ஸா, சிலிக்கோனா, என்சைமா?

ஒரே லாட்டில் சாயமேற்றிய நேவி ப்ளூ சிங்கிள் ஜெர்சி (டி-ஷர்ட் துணி), 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம். அதிலிருந்து நான்கு துண்டு வெட்டி மேசையில் பரப்பிக்கொள்ளுங்கள். முதல் துண்டுக்கு மென்மையாக்க எதுவும் போடவில்லை; சாயம், சோப்பு, அலசல், உலர்த்தல், அவ்வளவுதான். இரண்டாவதற்குக் கேட்டயானிக் ஃப்ளேக்ஸ். மூன்றாவதற்கு அமினோ சிலிக்கோன். நான்காவதற்குச் சாயத்துக்கு முன்பே என்சைம், கடைக்காரர் மொழியில் சொன்னால் பயோ வாஷ்.

கண்ணை மூடித் தடவிப் பார்க்கச் சொன்னால் பெரும்பாலோர் மூன்றாவதைத்தான் எடுப்பார்கள். சரி, இப்போது ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முதலும் நான்காவதும் சட்டென்று குடித்துவிடும். ஃப்ளேக்ஸ் துண்டு கொஞ்சம் யோசித்துக் குடிக்கும். சிலிக்கோன் துண்டின் மேல் சொட்டு தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நிற்கும். சித்திரை வெயிலில் அந்த பனியனைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறவரின் வியர்வைக்கும் அதே கதிதான்.

திருப்பூரில் ஒரு ஃபினிஷிங் யூனிட்டில் சில வருடம் தரம் பார்த்தவன் நான். துணியை மென்மையாக்க இரண்டே வழிதான் உண்டு: மேலே எதையாவது பூசலாம், இல்லையென்றால் மேலே இருப்பதை எடுக்கலாம். ஃப்ளேக்ஸும் சிலிக்கோனும் பூசுகிற கட்சி. என்சைம் எடுக்கிற கட்சி. பூசியது துவைக்கத் துவைக்கக் கழன்று போகும். எடுத்தது திரும்பி வராது, ஆனால் எடுத்த அளவுக்கு எடையில் காசு போகும்.

பருத்திக்கு ஏன் இதெல்லாம் தேவை என்று கேட்கலாம். பஞ்சில் இயற்கையாகவே மெழுகு உண்டு. அது இருந்தால் தண்ணீர் இறங்காது, சாயமும் ஏறாது. அதனால் காஸ்டிக் போட்டுக் கொதிக்க வைத்து, பெராக்சைடு போட்டு வெளுத்து, அந்த மெழுகை ஒட்ட எடுத்துவிடுகிறோம். அப்புறம் துணி வறட்டென்று ஆகிவிடுகிறது என்று கடைசித் தொட்டியில் வேறொரு மெழுகை விலை கொடுத்து வாங்கிப் போடுகிறோம்.

அந்தக் கடை மெழுகில் மலிவானது ஃப்ளேக்ஸ். ஸ்டியரிக் அமிலம் போன்ற கொழுப்பை வைத்துச் செய்த, சோப்புச் சீவல் மாதிரி இருக்கும் பொருள். சுடுதண்ணீரில் கலக்கினால் ஒரு கிலோ சீவல் பத்துக் கிலோ பேஸ்ட் ஆகும். தண்ணீரில் நனைந்த பருத்தியின் மேற்பரப்பில் லேசான எதிர்மின்னூட்டம் இருக்கும். கேட்டயானிக் ஃப்ளேக்ஸுக்கு நேர்மின்னூட்டம். அதனால் சாயமேற்றும் சாஃப்ட் ஃப்ளோ மெஷினிலேயே கடைசித் தண்ணீரில் அசிட்டிக் அமிலம் விட்டு பிஎச் 5 அல்லது 5.5-க்குக் கொண்டுவந்து, 40 டிகிரியில் இருபது நிமிடம் ஓட்டினால் தானாகவே போய் ஒட்டிக்கொள்ளும். செலவு குறைவு, வேலையும் எளிது. கையில் நல்ல கனமான, கொழுகொழு மென்மை கிடைக்கும். கறுப்பு, நேவி, மெரூன் போன்ற அடர் நிறத்துக்கு இது போதும் என்பது என் கட்சி.

வெள்ளைக்கும் வெளிர் நிறத்துக்கும் மட்டும் கிட்டவே கொண்டுபோகக் கூடாது. துணியை விரித்துக் காயவைக்கும் ஸ்டென்டர் மெஷினின் சூட்டில் மஞ்சளடிக்கும். வெள்ளைக்குப் போட்ட ஒளிரூட்டி எதிர்மின்னூட்டம் உள்ளது. இதுவும் அதுவும் சேர்ந்தால் துணி மங்கிப் போகும். அங்கே மின்னூட்டம் இல்லாத நான்-அயானிக் ஃப்ளேக்ஸ்தான். அதற்குத் துணியோடு ஒட்டும் ஆசை கிடையாது என்பதால் பேடிங் மாங்கிளில், அதாவது சிறிய தொட்டியில் முக்கி உருளைகளுக்கிடையே பிழிந்து, அழுத்தித்தான் ஏற்ற வேண்டும்.

சிலிக்கோனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் காசும் சண்டையும் அங்கேதான் அதிகம். (பட்டறையில் எல்லோரும் சிலிக்கான் என்றே சொல்வார்கள். சிலிக்கான் என்பது தனிமம், இது அதை வைத்துச் செய்த நெகிழ்வான பாலிமர். மாஸ்டரிடம் போய் இதைத் திருத்தப் பார்க்காதீர்கள்.) நாம் பயன்படுத்துவது பெரும்பாலும் அமினோ சிலிக்கோன். அதிலுள்ள அமின் பகுதி நூலைப் பிடித்துக்கொள்ளும், சிலிக்கோன் சங்கிலி வெளியே வழுவழுவென்று நிற்கும். அதை எண்ணெயாக அப்படியே போட முடியாது, தண்ணீரில் குழம்பாக்கித்தான் தருகிறார்கள். பால் மாதிரி வெள்ளையாக இருந்தால் மேக்ரோ; துளிகள் பெரிது, துணியின் மேலேயே தங்கி வழுக்கும். கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தால் மைக்ரோ. துளிகள் மிகச் சிறிது, நூலுக்குள் இறங்கி உள்மென்மை தரும்.

வாங்கும்போது பலர் ஏமாறுவது கிலோ விலையில். ஒருவர் 60 ரூபாய் சொல்கிறார், இன்னொருவர் 100 ரூபாய் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் கேனில் சரக்கு 15 சதவீதம், இரண்டாவதில் 30 சதவீதம் என்றால், சரக்கின் கிலோ விலை முதலாமவரிடம் 400 ரூபாய், இரண்டாமவரிடம் 333 ரூபாய். மிச்சம் எல்லாம் தண்ணீர். 10 கிராம் எடுத்து 105 டிகிரி ஓவனில் எடை மாறாத வரை காயவைத்து எடை போட்டாலே தெரிந்துவிடும். குழம்பாக்கியும் அந்த எடையில் சேரும்தான், ஆனாலும் யார் தண்ணீர் விற்கிறார் என்று கண்டுபிடிக்க அது போதும்.

சிலிக்கோனின் நல்ல குணங்களை மறைக்கக் கூடாது. தையல் ஊசி வழுக்கிக்கொண்டு இறங்குவதால் ஊசி வெட்டு குறையும். ஃப்ளேக்ஸைவிடத் துவைப்பை அதிகம் தாங்கும். நிறமும் ஒரு படி ஆழமாகத் தெரியும். வம்பு என்னவென்றால், அந்தக் குழம்பு கோபக்காரக் குழம்பு. துணியில் சோடா மிச்சம் இருந்தால், தண்ணீர் சரியில்லை என்றால், மெஷின் பம்ப்பின் அடி தாங்கவில்லை என்றால் உடைந்து எண்ணெயாகப் பிரியும். அந்த எண்ணெய் துணியில் படிந்தால் கருந்திட்டு. எண்ணெய்க் கறையையாவது கழுவி எடுக்கலாம். சிலிக்கோன் திட்டைக் கழுவுவதும் தலையெழுத்தை அழிப்பதும் ஒன்றுதான்.

அனுபவித்துச் சொல்கிறேன். ஆலிவ் பச்சையில் ஒரு லாட், 300 கிலோ. சாயம் முடிந்ததும் ஈரத்துண்டைக் காயவைத்துப் பார்த்தோம், பையரின் சாம்பிளோடு ஒட்டி நின்றது. பேடிங்கில் சிலிக்கோன் ஏற்றி ஸ்டென்டர் தாண்டி வந்ததும் பார்த்தால் ஒரு படி அடர்ந்து, லேசாகச் சிவப்பும் தட்டியது. “டாப்பிங் போட்டுச் சரி பண்ணிரலாங்க” என்றார் புதிதாக வந்த சூப்பர்வைசர். “எங்கீங்க போடறது? மேல சிலிக்கான் உக்காந்திருக்குது, சாயம் எப்படி உள்ள போகும்?” என்றார் மாஸ்டர். இரண்டு நாள் காஸ்டிக்கும் டிடர்ஜெண்டும் போட்டுக் கொதிக்கவிட்டும் சிலிக்கோன் முழுசாகக் கழலவில்லை. மறு சாயம் திட்டுத்திட்டாக விழுந்தது. கடைசியில் அந்த லாட்டைக் கறுப்பாக்கினோம். அதற்குப் பிறகு, லேபில் முதலில் சாயமேற்றிப் பார்க்கும் மாதிரித் துண்டுக்கும் (லேப் டிப்) அதே ஃபினிஷ் ஏற்றிக் காயவைத்த பிறகுதான் ஷேடு ஓகே என்று கையெழுத்துப் போடுவேன்.

தண்ணீர் குடிக்காத குறைக்கு ஹைட்ரோஃபிலிக் சிலிக்கோன் வந்திருக்கிறது. சங்கிலியில் தண்ணீரை விரும்பும் பாலிஈதர் துண்டுகளைக் கோத்திருப்பார்கள். சொட்டு உள்ளே போகும், மஞ்சளடிப்பதும் குறைவு. விலை கூடுதல், வழுவழுப்பு ஒரு மாற்றுக் குறைவு. ஏற்றுமதி ஆர்டர் என்றால் எந்த சிலிக்கோனுக்கும் இன்னொரு கேள்வி உண்டு: டி4, டி5, டி6 என்ற வளையச் சேர்மங்கள் எச்சமாக எவ்வளவு இருக்கின்றன? ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் மூன்றையும் கவலைக்குரிய பொருட்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. கெமிக்கல் சப்ளையரிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி எடுக்கிற கட்சி. என்சைமின் கதையே சுவாரசியமானது. இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களை ஒரு பூஞ்சை தின்று தீர்த்தது. அந்தப் பூஞ்சைதான் டிரைகோடெர்மா ரீசி. அது கூடாரத்தைத் தின்னப் பயன்படுத்திய செல்லுலேஸ் என்ற என்சைமைத்தான் நாம் இன்று டப்பாவில் வாங்கி டி-ஷர்ட் துணிக்குப் போடுகிறோம். நூலிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய இழைமுனைகளை அது அரிக்கும்; மெஷினின் உராய்வில் அவை உடைந்து விழும். துணி முகம் மழித்த மாதிரி ஆகிவிடும். இழைமுனை இல்லையென்றால் பில்லிங் உருண்டை பிடிக்க ஆளில்லை. நிறமும் பளிச்சென்று தெரியும்.

ஆனால் அது ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போகிற வேலை இல்லை. வெளுத்த பெராக்சைடு மிச்சம் இருந்தால் என்சைம் செத்துவிடும். முதலில் பெராக்சைடு கில்லர் போட வேண்டும். ஆசிட் என்சைமுக்கு பிஎச் 4.5 முதல் 5.5, சூடு 50 முதல் 55 டிகிரி, முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரம். முடிந்ததும் 80 டிகிரிக்கு ஏற்றிப் பத்து நிமிடம் வைத்து என்சைமைக் கொல்ல வேண்டும். கொல்லாமல் ஈரத்துணியை இரவெல்லாம் ட்ராலியில் போட்டு வைத்தால், கூடாரத்துக்கு நடந்ததுதான் துணிக்கும். எடையில் 3 முதல் 5 சதவீதம் போகும். 180 ஜிஎஸ்எம் துணி 4 சதவீதம் இழந்தால் 173-க்கு வரும். ஒரு டன் துணியில் 40 கிலோ தண்ணீரோடு போகும். நிட்டிங் கொடுக்கும்போதே இதைக் கணக்கில் வைக்காதவர்கள் கடைசியில் ஃபினிஷிங்காரரிடம் சண்டைக்கு வருவார்கள்.

சாயத்துக்கு முன்பா, பின்பா? முன்பு செய்வதே எனக்குப் பிடிக்கும். பின்பு செய்தால் மேலே இருந்த சாயமும் கொஞ்சம் கழன்று ஷேடு நகரும். நூலைப் பிடித்திருக்கும் ரியாக்டிவ் சாயம் என்சைமின் வேலையையும் தடுக்கும். அப்புறம் ஒன்று: சந்தையில் பயோ வாஷ் என்ற பெயரில் விற்கும் டி-ஷர்ட் எல்லாம் என்சைமைப் பார்த்ததா என்பது எனக்குச் சந்தேகம்தான். துணியைக் கண் மட்டத்தில் வைத்து, வெளிச்சத்துக்கு எதிராக மடிப்பின் விளிம்பைப் பாருங்கள். பூனை மயிர் மாதிரி நிற்கிறதென்றால் அதற்கு சாஃப்ட்னர் மட்டும்தான் கிடைத்திருக்கிறது.

இந்த மூவரோடு சேராத இன்னொருவர் ஃபிக்ஸர். மென்மைக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை. ரியாக்டிவ் சாயத்தில் ஒரு பங்கு நூலோடு வேதிப்பிணைப்புக் கொள்ளாமல், தண்ணீரோடு சேர்ந்து வீணாகிச் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கொதிக்கும் சோப்புத் தண்ணீரில் அலசி வெளியேற்ற வேண்டும். தண்ணீரும் நேரமும் மிச்சம் பிடிக்க நினைக்கிறவர்கள் இரண்டு அலசலைக் குறைத்துவிட்டு ஃபிக்ஸரை ஊற்றுவார்கள். அது கேட்டயானிக் பாலிமர். கழன்ற சாயத்தைப் பிடித்துக் கட்டி வைக்கும். லேபில் வாஷ் ஃபாஸ்ட்னெஸ் (துவைப்பில் நிறம் நிற்கும் அளவு) ஐந்துக்கு 4 வந்துவிடும். ஆனால் ஈர உரசல் பெரிதாக ஏறாது, வெயிலில் நிறம் வெளுப்பது சில சாயங்களில் கூடவும் செய்யும். நன்றாக அலசிய கறுப்புக்கும் சிவப்புக்கும் கடைசிக் காப்பாகப் போடுங்கள், தப்பில்லை. அலசாத துணிக்கு அது குப்பையின் மேல் விரித்த பாய்.

சுருக்கம் விழாத ரெசின் நிட் துணிக்கு வேண்டாத வேலை, சட்டைத் துணிக்காரர்கள் கவலை. செல்லுலோஸ் சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பாலம் போட்டுச் சுமார் 150 டிகிரியில் சுட்டு இறுக்குவார்கள். மடிப்புக் கலையாது, துணியின் வலு கணிசமாக இறங்கும். வழக்கமான ரெசினிலிருந்து ஃபார்மால்டிஹைடும் கசியும். துணியில் தீங்கான ரசாயனம் இருக்கிறதா என்று பார்க்கும் ஓகோ டெக்ஸ் 100 சான்றிதழ், தோலில் படும் உடைக்கு 75 பிபிஎம் வரைதான் விடும்.

திருப்பூர்க்காரர்கள் கணக்கில் சேர்க்க வேண்டிய இன்னொரு செலவு, தொட்டியில் மிஞ்சுவது. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரை வெளியே விடாமல் மீட்டெடுத்தால்தான் இங்கே பட்டறை ஓடும். ஆர்ஓ சவ்வுக்குப் பிடிக்காத விருந்தாளிகள் கேட்டயானிக் பொருளும் சிலிக்கோன் எண்ணெயும். மெஷின் தொட்டியில் போட்டால் துணி பிடிக்காத மிச்சம் முழுவதும் அங்கேதான் போகும். பேடிங்கில் ஏற்றினால் சிறிய தொட்டி, வீணும் சிறிது.

என்னைக் கேட்டால், உள்ளூர் விற்பனைக்கான அடர் நிற டி-ஷர்ட்டுக்கு நல்ல அலசலும் ஃப்ளேக்ஸும் போதும். விலை கிடைக்கிற ஆர்டருக்குச் சாயத்துக்கு முன் என்சைம், கடைசியில் பேடிங்கில் லேசாக ஹைட்ரோஃபிலிக் சிலிக்கோன். குழந்தை உடைக்கு என்சைம் மட்டும் போட்டு நிறுத்துவேன். தடவிப் பார்த்துக் குறை சொல்கிற மெர்ச்சண்டைசரிடம் நான்கு தரம் துவைத்த துண்டைக் காட்டுவேன்.

டவல் தனிக் கதை. கடையில் பட்டு மாதிரி இருக்கும் டவல் குளித்துவிட்டு வந்தால் ஈரத்தை உடம்பெங்கும் தடவிவிடுமே ஒழியத் துடைக்காது; சிலிக்கோன் செய்கிற வேலை அது. நாலைந்து துவைப்பில் கொஞ்சம் வழிக்கு வரும். அதற்குள் வீட்டில் வாசனைக்காகக் கண்டிஷனர் ஊற்றிவிடாதீர்கள். அந்த பாட்டிலில் இருப்பதும் நம்ம கேட்டயானிக் ஃப்ளேக்ஸின் பங்காளிதான்.