மூன்று மாட்டுக்குச் சைலேஜா, யூரியா வைக்கோலா?

பிசான நெல் அறுப்பு முடிந்து, இயந்திரம் சுருட்டிப் போட்ட வைக்கோல் கட்டுகள் வயலில் கிடக்கும்போதே, கேரளத்துக்கு ஏற்றுகிற லாரி வந்து நின்றுவிடும். மூன்று ஆண்டுகளுக்கு முன் நானும் பாதி வைக்கோலை அதில் ஏற்றிவிட்டு, வந்த பணத்தில் சைலேஜுக்கு, அதாவது காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைக்கும் பசுந்தீவனத்துக்கு, குழி வெட்டினேன். இன்று அதே குழியில் யூரியா தெளித்த வைக்கோலை அடுக்குகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

எங்கள் வீடு சேரன்மகாதேவிக்குப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். தொழுவத்தில் 3 கலப்பினக் கறவைகளும் ஒரு கிடேரிக் கன்றும் நிற்கின்றன.

சத்தை மட்டும் பார்த்தால் சைலேஜுக்கு முன்னால் வைக்கோல் நிற்காது. மக்காச்சோளத்தைக் கதிரில் பால் இறுகும் பருவத்தில் வெட்டி, நறுக்கி, காற்றுப் புகாமல் மிதித்து மூடினால் புளித்துப் பதப்படும். 45 நாளில் திறக்கலாம். மாவுச்சத்து மிகுந்த தீவனம், மாடு ஆசையாகத் தின்னும். வெறும் வைக்கோலில் புரதம் 3, 4 சதவீதம்தான், செரிமானத்தைக் கெடுக்கும் சிலிக்கா வேறு. பச்சைப்புல்லைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். கோ-4 கம்பு நேப்பியர் புல்லை 45 நாளுக்கு ஒருமுறை அறுத்தால் அருமை. தள்ளிப்போட்டால் தண்டு முற்றி மாடு கழித்துவிடும். கால்வாயில் தண்ணீர் நின்றுபோகும் கோடையில் 10 சென்ட் புல்லை நம்பி 3 மாட்டை ஓட்ட முடியாது. கேள்வியே அந்த மாதங்களைப் பற்றியதுதான்.

சைலேஜ் என்னைக் கைவிட்டது சத்தில் அல்ல, குழியைத் திறந்த பிறகு. திறந்த நாளிலிருந்தே காற்று உள்ளே போகிறது. காற்றுப் பட்ட முகப்பு, அதாவது நாம் வெட்டி எடுக்கும் பக்கம், சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கிறது. வெயில் காலத்தில் தினமும் அரையடி ஆழத்துக்காவது முகப்பு முழுவதையும் வெட்டி எடுத்தால்தான் கெடுவதை முந்த முடியும். என் குழி 5 அடி அகலம், 4 அடி உயரம். அரையடி என்றால் 10 கன அடி. நன்றாக மிதித்த சைலேஜ் கன அடிக்குச் சுமார் 15 கிலோ வரும். ஆக, நாளொன்றுக்கு 150 கிலோ எடுத்தாக வேண்டும். என் 3 மாடுகளும் தலைக்கு 15 கிலோ வீதம் தின்றது 45 கிலோ. இந்தக் கணக்கைக் குழி வெட்டுவதற்கு முன் போட்டிருக்க வேண்டும். நான் போட்டது திறந்த பத்தாம் நாள்.

சித்திரை வெயிலில் முகப்புக்குள் கையை விட்டால் வெந்நீர்ப் பானையைத் தொட்டது போலிருந்தது. புளிப்பு வாடை போய் ஊசல் வாடை வந்துவிட்டது. வெள்ளைப் பூஞ்சணத்தைச் சுரண்டிச் சுரண்டி எருக்குழியில் கொட்டினேன். மூன்றில் ஒரு பங்கு அப்படியே போயிருக்கும். 50 கிலோ மூட்டையாக வாங்கி நாளுக்கொன்று பிரித்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஒரு மாதம் அதையும் செய்தேன். எலி ஓர் ஓட்டை போட்டால் அந்த மூட்டை போயிற்று. தவிர, தீவனத்தை விலைக்கு வாங்குவதென்றால் வீட்டு வைக்கோலை லாரிக்கு விற்றது எதற்கு?

யூரியா வைக்கோலுக்கு அளவு எளிது: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 60 லிட்டர் தண்ணீர். முழுக்கக் கரைத்து, அரையடிப் படுகையாகப் பரப்பிய வைக்கோல்மேல் பூவாளியால் தெளித்து மிதிக்க வேண்டும். பிறகு அடுத்த படுகை. தார்ப்பாயால் மூடி ஓரமெல்லாம் மண் அணைத்து 21 நாள் விட்டால், யூரியா அமோனியாவாகி நாரின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. புரதக் கணக்கும் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. திறந்தபோது கண் கரித்தது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு பிடி இழுத்துப் பார்த்தார். சலசலத்து ஒடிகிற வைக்கோல் பழுப்பேறிக் கையில் துவண்டது. மாடுகள் முதல் நாள் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டன. ஒரு மணி நேரம் ஆறப்போட்டு, பழைய வைக்கோலோடு கலந்து, ஒரு வாரத்தில் பழக்கினோம். பூஞ்சணத்தை அமோனியாவே தடுப்பதால் வேண்டியதை உருவிக்கொண்டு திரும்ப மூடிவிடலாம். மாடு எவ்வளவு தின்கிறதோ அவ்வளவு எடுத்தால் போதும். எனக்கு இது ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானித்தது.

வயிற்றுக்கும் இது ஒத்துப்போகிறது. பெருவயிற்றில் நாரைச் செரிப்பவை நுண்ணுயிர்கள். வெறும் வைக்கோலில் அவற்றுக்கு நைட்ரஜன் போதாது, அமோனியா அந்தக் குறையை நிரப்புகிறது. அதைப் புரதமாக்க மாவுச்சத்தும் வேண்டும் என்பதால் தவிட்டை நிறுத்தக் கூடாது. நீள வைக்கோலை மாடு நெடுநேரம் அசைபோடும். ஊறும் உமிழ்நீர் வயிற்றின் புளிப்பை அடக்கும். இதற்கு நேர் எதிர் கொடைச்சோறு. கோயில் கொடை முடிந்து மிஞ்சிய சோற்றை அண்டாவோடு தொட்டியில் கொட்டுகிறவர்களை ஊருக்கு ஊர் பார்க்கலாம். சோறு வேகமாகப் புளித்து, 6-க்கு மேல் இருக்க வேண்டிய பெருவயிற்றின் அமில கார நிலை (pH) 5.5-க்குக் கீழே இறங்கினால், மறுநாள் மாடு அசைபோடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கும்.

யூரியாவில் எச்சரிக்கையும் உண்டு. 6 மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு இந்த வைக்கோலைப் போடக் கூடாது. கரைசல் வாளியைத் தொழுவத்தில் வைத்துவிட்டு நகரக் கூடாது. மாடு வாய் வைத்துக் குடித்தால் சில மணி நேரத்தில் உயிரே போய்விடலாம். வைக்கோலிலுள்ள ஆக்ஸலேட் சுண்ணாம்புச்சத்தைப் பிடித்துக்கொள்வதால் தாது உப்பும் தவறக் கூடாது.

பால் கணக்கில் நான் தோற்றேன் என்பதையும் சொல்ல வேண்டும். சைலேஜ் நன்றாக இருந்த நாட்களைவிட இப்போது மாட்டுக்கு அரை லிட்டர் குறைவு. ஆனால் எருக்குழிக்கு எதுவும் போவதில்லை.

மானூர்ப் பக்கம் என் மைத்துனர் 12 மாடுகள் வைத்திருக்கிறார். மக்காச்சோளம் சொந்தம், வைக்கோல்தான் விலைக்கு. அவர் சைலேஜ் குழியும் என்னுடைய அளவுதான். அங்கே நான் பார்த்தது ஒரே ஒரு கோடைதான் என்றாலும், மாடுகள் தின்ற வேகத்தில் முகப்பு சூடேறவே இல்லை.