செத்தவனின் பகை யாருக்குச் சேரும்? மூன்று கேம்கள், மூன்று பதில்கள்

என் அரசனின் தம்பியை ஆள் வைத்துக் கொன்ற டியூக், இரண்டு வருஷம் கழித்துக் காய்ச்சலில் படுத்துச் செத்துப்போனான். அவன் மகன் பட்டத்துக்கு வந்தான். அந்தப் பையனின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எங்கள் இருவருக்கும் இடையே பகை என்று எதுவும் இல்லை. தம்பியின் சாவு யார் கணக்கிலும் இல்லாமல் போய்விட்டது. குருசேடர் கிங்ஸ் 2 என்ற கணினி கேமை விளையாடிக்கொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. பழிவாங்க முடியவில்லை என்பதைவிட, பழிவாங்க ஆளே இல்லை என்பதுதான் அன்று உறுத்தியது.

இடைக்கால வியூக கேம்களில் குடும்பப் பகை எப்படி இருக்கவேண்டும் என்று பேச்சு வந்தால் விளையாடுகிறவர்கள் இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். பகை தனி மனிதர்களுக்குள் இருந்தால் போதும், அது மூன்று தலைமுறைக்குத் தொடர்ந்தால் தொல்லை என்பது ஒரு கட்சி. குடும்பம்தான் ஆட்டத்தின் நாயகன், பகையும் சொத்து மாதிரி வாரிசுக்குப் போகவேண்டும் என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. ஆனால் எனக்கு ஒரு நிபந்தனையும் உண்டு. பகை இறங்கினால் மட்டும் போதாது. அதை முடிக்க ஒரு வழி இருக்கவேண்டும், அந்த வழி கைக்காசு கேட்கவேண்டும்.

இந்த நிபந்தனை வரலாற்றைப் படித்ததால் வந்தது. வட இங்கிலாந்தின் பெர்சி, நெவில் குடும்பங்களின் பகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் பெர்சிகளிடம் இருந்த ரெஸில் கோட்டை பின்னால் குரோம்வெல் பிரபுவின் கைக்குப் போயிருந்தது. அவருடைய அண்ணன் மகளோ தங்கை மகளோ, எப்படியும் அந்தச் சொத்துக்கு வாரிசான மாட் ஸ்டான்ஹோப்பை, தாமஸ் நெவில் மணந்தார். பழைய பெர்சி சொத்து இப்படி நெவில்களிடம் போய்ச் சேரப்போகிறது. 1453 ஆகஸ்ட் 24-ல் கல்யாணம் முடிந்து திரும்பிய கூட்டத்தை ஹெவர்த் மூரில் எக்ரமான்ட் பிரபு தாமஸ் பெர்சி ஆட்களோடு வழிமறித்தார். 1455 மே 22-ல் செயின்ட் ஆல்பன்ஸ் தெருக்களில் யார்க் கோமகனும் நெவில்களும் மன்னர் தரப்போடு மோதிய சண்டையில் பெர்சிகளின் தலைவரான நார்தம்பர்லாந்து பிரபு இறந்தார். சாமர்செட்டும் கிளிஃபர்டும் அவரோடு விழுந்தார்கள். மூவரின் வாரிசுகளும் பழி கேட்டு நின்றார்கள்.

1458 மார்ச் 25-ல் மன்னர் ஆறாம் ஹென்றி இரு தரப்பையும் லண்டனில் கூட்டினார். கொன்ற தரப்பும் கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகளும் கைகோத்து புனித பவுல் ஆலயத்துக்கு ஊர்வலம் போனார்கள். கைகோத்ததோடு விடவில்லை. யார்க் கோமகன் சாமர்செட்டின் விதவைக்கும் பிள்ளைகளுக்கும் 5,000 மார்க் (அன்றைய பணக் கணக்கு), நெவில் குடும்பத்து வாரிக் பிரபு கிளிஃபர்ட் குடும்பத்துக்கு 1,000 மார்க் என்று ஒப்புக்கொண்டார்கள். இறந்தவர்களுக்காகப் பூசை வைக்க மடத்துக்குத் தனியாகப் பணம். அடுத்த வருஷமே மறுபடி போர். எக்ரமான்ட் 1460-ல் நார்தாம்ப்டனில் இறந்தார்.

கல்யாணம், நிலம், சாவு, வாரிசு, நஷ்டஈடு, உடைந்துபோன சமாதானம் என்று ஒரு நல்ல பகை அமைப்புக்கு வேண்டிய எல்லாமே இதில் இருக்கிறது. குருசேடர் கிங்ஸ் வரிசையின் நாள்காட்டி 1453 தொடக்கத்தில் முடிந்துவிடுவதால் இந்தக் கதை மயிரிழையில் வெளியே நின்றுவிட்டது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு வருத்தம்.

சரி, கேம்களுக்கு வருவோம்.

2012-ல் வந்த குருசேடர் கிங்ஸ் 2-ல் பகை என்பது இரண்டு ஆட்களுக்கு நடுவே உள்ள உறவு. ரைவல், அதாவது எதிரி என்று குறி விழும், ஒருவரை மற்றவர் எவ்வளவு விரும்புகிறார் என்று காட்டும் அபிப்பிராய எண் பாதாளத்துக்குப் போகும், அவ்வளவுதான். ஒருவர் செத்தால் குறியும் செத்தது. ஆனால் இதை ஏழ்மையான அமைப்பு என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காரணம் அதன் சதித்திட்ட முறை. ஒருவரைக் கொல்லத் திட்டம் போட்டால் ஆதரவாளர்களைச் சேர்க்கவேண்டும். அவரை வெறுக்கிறவர்கள்தான் சேருவார்கள். அதனால் யார் யாரை வெறுக்கிறார்கள் என்று அரண்மனை முழுக்க நோட்டம் விடவேண்டியிருக்கும். எதிரியின் மனைவி, அவனுடைய படைத்தலைவன், அவன் நிலத்தைப் பிடுங்கிக்கொண்ட சிற்றரசன் என்று ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். பகைக்கென்று தனி அமைப்பு இல்லாமலே பகையின் வலை தானாகப் பின்னப்படும். எனக்குத் தெரிந்து வேறு எந்த கேமும் இதை இவ்வளவு இயல்பாகச் செய்யவில்லை.

2013-ல் வந்த தி ரிபப்ளிக் விரிவாக்கம் இதை இன்னும் நெருக்கமாக்கியது. வெனிஸ் போன்ற வணிகக் குடியரசில் ஐந்து பெருங்குடும்பங்கள் ஒரே நகரத்தில் உட்கார்ந்து தலைவர் பதவிக்கும் வணிக நிலையங்களுக்கும் மோதும். போர் தொடுத்து ஒழித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம் என்பது இங்கே நடக்காது. நாளைக்கும் அதே முகங்கள்தான். தனி மனிதப் பகையே போதும் என்கிற கட்சிக்கு நான் எப்போதும் இந்த வெனிஸ் ஆட்டங்களைத்தான் எடுத்துக்காட்டுவேன். குடும்பங்கள் ஒன்றையொன்று விட்டு ஓட முடியாத இடத்தில், பகை தானாகவே தலைமுறை தாண்டுகிறது.

குருசேடர் கிங்ஸ் 3 வந்தது 2020 செப்டம்பர் 1-ல். ஆரம்பத்தில் அதிலும் பகை ஆளோடு முடிகிற சரக்குதான், ரைவலுக்கு மேலே நெமிசிஸ் (பரம விரோதி) என்று ஒரு படி கூடுதல். 2022 செப்டம்பரில் ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபோஸ் என்ற நிகழ்வுத் தொகுப்பு வந்தபிறகுதான், பகை ஆளைத் தாண்டி ஹவுஸ் என்ற குடும்பக் கிளையின் பேரில் நிற்கத் தொடங்கியது. கூடவே வந்த இலவசப் பேட்சில் நினைவுகள் என்ற அமைப்பும் சேர்ந்தது. யார் எதைச் செய்தார்கள் என்பது கதாபாத்திரத்தோடு பதிந்து நிற்கும், பின்னால் வரும் நிகழ்வுகள் அதைத் தொட்டுப் பேசும்.

விளையாடுகிறவர்கள் மோதிக்கொள்வது இங்கேதான். குறை சொல்கிறவர்களின் வாதம் எளிது. பகை ஒரு நிகழ்வுத் தொடராக வருகிறது, ஒரே மாதிரி நிகழ்வுப் பெட்டிகள் திரையில் திரும்பத் திரும்பத் திறக்கின்றன, ஐந்தாவது ஆட்டத்தில் வாசிக்காமலே பொத்தானை அழுத்துகிறோம் என்கிறார்கள். இதை நான் மறுக்கமாட்டேன். எழுதிவைத்த காட்சி எத்தனை முறை வந்தாலும் அதே காட்சிதான். குருசேடர் கிங்ஸ் 2-ன் சதிவலை ஒவ்வொரு முறையும் வேறு ஆட்களால் பின்னப்பட்டதால் பழசாகவில்லை. இதில் அந்தச் சுகம் குறைவு.

ஆனால் ஆதரிக்கிறவர்கள் பக்கம் இருக்கிற ஒரு பெரிய நியாயத்தைப் பலர் கவனிப்பதில்லை. இந்த கேமில் குணத்துக்கு விரோதமாக நடந்தால் மன அழுத்தம் ஏறும். தாத்தா காலத்தில் தொடங்கிய பகை பேரனிடம் வருகிறது. பேரனோ இரக்க குணம் உள்ளவன். கொலைத் திட்டம் போட்டால் அவன் மனம் நொறுங்குகிறது. போடாமல் இருந்தால் எதிர்க் குடும்பம் சும்மா இருக்குமா என்று பயம். எனக்கு அப்படி ஒரு ஆட்டம் வாய்த்தது. மூன்று நாள் அந்த ஆட்டத்தின் சேவ் ஃபைலைத் திறக்காமலே வைத்திருந்தேன். கடைசியில் மன அழுத்தத்தைத் தாங்க அந்தப் பையனைக் குடிக்கு அடிமையாக்கித்தான் பகையை நடத்தினேன். கேம் விளையாடி நான் உண்மையாகவே வருந்திய சில தருணங்களில் அது ஒன்று. பகை ஆளோடு முடிகிற அமைப்பில் இது நடந்திருக்கவே முடியாது. அந்தப் பையனிடம் சண்டைக்கான காரணமே இருந்திருக்காது.

வம்சத்துக்கும் ஹவுஸுக்கும் உள்ள வித்தியாசமும் முக்கியம். ஒரே வம்சத்தில் கிளை பிரிந்து போனவர் வேறு ஹவுஸ். ஆகவே அண்ணன் பிள்ளைகளும் தம்பி பிள்ளைகளும் பங்காளிச் சண்டையில் இறங்க இடம் உண்டு. ரத்தம் ஒன்று, கொடி வேறு. பெரிய ராஜ்யம் பிள்ளைகளுக்குள் துண்டாகும் ஒவ்வொரு முறையும் இதற்கு விதை விழுகிறது. இதை இன்னும் நன்றாக வளர்த்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

2024 செப்டம்பரில் மூன்றாம் பாகத்தின் ரோட்ஸ் டு பவர் விரிவாக்கத்தோடு கொலை போன்ற சதித்திட்டங்களுக்கான முறை மாற்றப்பட்டது. உடந்தையாளர்களுக்குத் தனித்தனிப் பொறுப்புகள் வந்தன. கொலை இப்போது இன்னும் நிதானமாகக் கோக்கப்படும் வேலை. பழிவாங்கலின் பாரம் இதனால் கூடியது என்று நினைக்கிறேன். அவசரத்தில் செய்ய முடிவதில்லை.

மூன்றாவது கேமான மவுண்ட் அண்ட் பிளேட் 2: பேனர்லார்ட் வேறு திசையில் போகிறது. முழு வெளியீடு 2022 அக்டோபர். கால்ரேடியா என்ற கற்பனைக் கண்டம், தொடக்கம் 1084. இங்கே கொலைச் சதியெல்லாம் இல்லை. சண்டையில் பிடித்த பிரபுவை விடுவிக்கலாம், காவலில் வைக்கலாம், தலையை வெட்டலாம். தலையை வெட்டினால் அவருடைய குலத்தோடும் அவருக்கு வேண்டியவர்களோடும் உறவு எண் சரியும். அந்த எண் சரிந்தபிறகு அந்தக் குலத்தை உங்கள் பக்கம் இழுப்பது, அங்கே பெண் கேட்பது எல்லாம் கடினம். பகைக்கு உண்டான விலை கண்ணெதிரே தெரிகிறது, இது அதன் பலம். இன்னொரு பலம் சமாதானம். பிடித்த எதிரியை மரியாதையாக விடுவித்தால் உறவு ஏறும். என்னைத் திட்டித் தீர்த்த ஒரு குலத்தலைவரை நான் நாலைந்து சண்டைகளில் பிடித்துப் பிடித்து விட்டிருக்கிறேன். பின்னால் அவரே என் ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்தார். எழுதிவைத்த காட்சி ஒன்றுகூட இல்லாமல் நடந்த கதை அது.

ஆனால் தலைமுறை விஷயத்தில் பேனர்லார்ட் தடுமாறுகிறது. அதில் ஒரு வருஷம் 84 நாள். ஒரு பிள்ளை 18 வயதாக 1,500 நாளுக்கு மேல் ஓட்டவேண்டும். அதற்குள் பெரும்பாலான ஆட்டங்கள் வெற்றியிலோ அலுப்பிலோ முடிந்துவிடும். அப்பாவைக் கொன்றவனை மகன் போர்க்களத்தில் தேடுகிற காட்சி அமைப்பளவில் சாத்தியம்தான், நாள்காட்டி அதற்கு இடம் தருவதில்லை. அப்புறம், எதிரிப் பிரபுக்களை வரிசையாக வெட்டி ராஜ்யங்களையே காலி செய்கிற ஆட்டமுறை ஒன்று உண்டு. உறவு எண்களைப் பற்றிக் கவலைப்படாதவருக்கு அது லாபம். பகையைச் சுமந்துகொண்டு வாழவேண்டிய கட்டாயம் அங்கே கழன்றுவிடுகிறது.

மெடீவல் 2: டோட்டல் வார் என்ற கேமையும் இதில் சேர்க்கச் சொல்கிறவர்கள் உண்டு. குடும்ப மரமும் கொலையாளிகளும் அதில் இருப்பது உண்மைதான். ஆனால் உறவு நாட்டுக்கும் நாட்டுக்கும்தான், குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் அல்ல. இந்தக் கேள்விக்கு அது பொருந்தாது.

பகை வாரிசுக்கு இறங்குகிறதா, அதை முடிக்க வழி உண்டா என்ற என் இரண்டு கேள்விகளையும் வைத்துப் பார்த்தால், வாரிசுக்குப் பகை இறங்குவதில் குருசேடர் கிங்ஸ் 3-க்கு அருகில் யாரும் இல்லை. பகையை வளர்ப்பதில் இரண்டாம் பாகத்தின் சதிவலைதான் இன்றும் மேல். பகையை முடிப்பதில் பேனர்லார்ட் முந்துகிறது, காரணம் அங்கே மன்னிப்பு ஒரு செயல், திரும்பத் திரும்பச் செய்து சம்பாதிக்கிற ஒன்று. ஒன்றை மட்டும்தான் வாங்கமுடியும் என்று கேட்பவருக்கு, குடும்பக் கதைக்காக விளையாடுகிறவர் என்றால், தயங்காமல் மூன்றாம் பாகத்தைச் சொல்வேன், ஃப்ரெண்ட்ஸ் அண்ட் ஃபோஸையும் சேர்த்து. நிகழ்வுப் பெட்டிகளை வாசிக்கப் பொறுமை இல்லாதவருக்கு இரண்டாம் பாகமே நல்லது.

அடுத்து யாராவது இப்படி ஒரு கேம் செய்தால் நான் கேட்பது 1458 ஊர்வலத்தை. பகைத் திரையில் நஷ்டஈடு என்று ஒரு வரி இருக்கவேண்டும். கொன்ற குடும்பம் பொன் தரவேண்டும், இறந்தவர் பேரில் பூசைக்கு நிலம் எழுதவேண்டும், ஒரு பெண்ணையோ பிள்ளையையோ கல்யாணத்தில் கொடுக்கவேண்டும். அதற்குப்பிறகும் இரு தரப்பிலும் ஏற்காத ஒரு இளையவன் இருக்கவேண்டும், தன் அப்பனின் நினைவைத் தன் பக்கத்தில் இன்னும் வைத்திருப்பவன். அவனை என்ன செய்வது என்று குடும்பத் தலைவனாக நான் யோசிக்கவேண்டும்.