ஆற்றோரப் பாதை என்று விற்கப்பட்ட ஒரு கோடு

கடந்த ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில், இலங்கை மலைநாட்டின் நோட்டன் பிரிட்ஜிலிருந்து கெசல்கமுவ ஓயா என்ற ஆற்றின் பள்ளத்தாக்கு வழியாகக் கித்துல்கல பக்கம் இறங்கும் 24 கிலோமீற்றர் மலைப்பாதை ஓட்டம் ஒன்றில் நானும் என் மைத்துனரும் ஓடினோம். ஓடினோம் என்பதைவிட அதில் மாட்டிக்கொண்டோம் என்பதே சரி. ஆளுக்கு 9,500 ரூபாய் கட்டியிருந்தோம். மைத்துனருக்கு வலது கணுக்காலில் எலும்பு முறிந்து, ஆறு வாரங்கள் வேலைக்குப் போக முடியவில்லை. ஏற்பாட்டாளர்மீது எழுத்துமூலம் முறைப்பாடு கொடுத்திருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள் எங்களை எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் பெயரை மாற்றிக்கொண்டு வந்தாலும் வழிமுறை மாறப்போவதில்லை.

விளம்பரத்தின் கவர்ச்சியே "தொடக்கம் முதல் முடிவு வரை ஆற்றோடு இறங்கும் பாதை, ஏற்றம் 450 மீற்றர் மட்டுமே" என்ற வரிதான். தேயிலை மலைகளில் ஓடிப் பழகிய எனக்கே அந்த வரி ஆசை காட்டியது. ஆனால் சற்று நின்று யோசித்திருந்தால் அதன் பொய் அங்கேயே தெரிந்திருக்கும். ஆறு இறங்குகிறது என்பதற்காக அதன் கரையில் போகிறவனும் இறங்கிக்கொண்டே போவதில்லை. கினிகத்தேனைக்குப் பக்கத்திலுள்ள அபர்டீன் நீர்வீழ்ச்சியில் அந்த ஆறு ஏறக்குறைய 98 மீற்றர் ஒரே பாய்ச்சலாக விழுகிறது. அவ்வாறான இடங்களில் கரை என்று சொல்ல எதுவும் கிடையாது, செங்குத்துப் பாறைதான் உண்டு. ஆகவே மனிதன் ஒவ்வொரு முறையும் ஆற்றை விட்டு விலகி, மலையின் முகட்டுக்கு ஏறி, அடுத்த ஓடைக்கு இறங்கி, மீண்டும் ஏற வேண்டும். மைத்துனர் விழுந்த இடத்தை அடைந்தபோது, அதாவது பாதையின் முக்கால்வாசிகூட முடியாதபோது, என் கைக்கடிகாரம் 1,310 மீற்றர் ஏற்றம் காட்டியது. ஒடுங்கிய பள்ளத்தாக்கில் செய்மதிச் சமிக்ஞை பாறைகளில் பட்டுத் தெறிப்பதால் கடிகாரக் கணக்கு கூடக்குறைய இருக்கும் என்பது உண்மையே. ஆனாலும் 450 ஐ 1,310 ஆக்கும் அளவுக்கு எந்தக் கடிகாரமும் பிழை விடாது.

ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு வாட்ஸ்அப்பில் பாதைக் கோப்பு, அதாவது கைத்தொலைபேசி வரைபடத்தில் வழியைக் கோடாகக் காட்டும் கோப்பு, வந்தது. அதை நான் திறந்து பார்த்தேன், பார்த்தும் கவனிக்கவில்லை. இந்த இடத்தில் என்னைத்தான் நொந்துகொள்ள வேண்டும். ஒருவர் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு உண்மையில் நடந்தோ ஓடியோ பதிந்த பாதையாக இருந்தால், சில மீற்றருக்கு ஒரு புள்ளி இருக்கும், ஒவ்வொரு புள்ளிக்கும் நேரம் பதிவாகியிருக்கும், களைத்து நின்ற இடத்தில் புள்ளிகள் குவிந்து கிடக்கும். எங்களுக்கு வந்த கோப்பில் நேரமே இல்லை. புள்ளிகள் நூறு, இருநூறு மீற்றர் இடைவெளியில் கிடக்க, அவற்றை நேர்கோடுகள் இணைத்தன. தேயிலை மலையின் வளைந்து வளைந்து ஏறும் ஒற்றையடிப் பாதைகளைக்கூட அந்தக் கோடு குறுக்கே வெட்டிப் போனது. கணினிக்கு முன்னால் அமர்ந்து செய்மதிப் படத்தின்மேல் சுட்டியால் இழுத்த கோடு அது. வங்கியில் வேலை செய்பவன் நான். கையொப்பம் இல்லாத காசோலையை ஒரு பார்வையில் திருப்பி அனுப்புவேன். இந்தக் கோப்பை மட்டும் நம்பி கைத்தொலைபேசியில் ஏற்றிக்கொண்டேன்.

காலை ஆறரைக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் புறப்பட்டோம். முதல் நான்கு கிலோமீற்றருக்குச் செம்மஞ்சள் நாடாக்கள் அழகாகக் கட்டப்பட்டிருந்தன. அதன்பின் ஒன்றுகூட இல்லை. பின்னர் விசாரித்ததில், முடிவிடத்துக்கு முந்திய இரண்டு கிலோமீற்றரிலும் அதேபோல் நாடா கட்டியிருந்தார்கள் என்று அறிந்தேன். வேன் போகக்கூடிய தூரம் வரைக்கும்தான் அடையாளம். இடையிலிருந்த காட்டுக்குள் நாடா கட்டியவர்கள் எவரும் காலெடுத்து வைக்கவில்லை.

ஐந்தாவது கிலோமீற்றரில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் காவலாளி எங்களை மறித்தார். தோட்டத்துக்கு எந்த அறிவித்தலும் வரவில்லை என்றும், அந்த மலை அப்போதுதான் கவாத்து வெட்டப்பட்டது என்றும் சொன்னார். கவாத்து வெட்டிய தேயிலை மலையில் ஓடுவது என்னவென்று அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும்: முழங்கால் உயரத்தில் கத்தியால் சீவிய கூரிய குச்சிகள் வரிசை வரிசையாக நிற்கும், வெட்டிய கிளைகள் நிலத்தை மூடியிருக்கும், அடியில் வடிகான் எங்கே இருக்கிறதென்று தெரியாது. "தோட்ட நிர்வாகங்களிடம் அனுமதி பெறப்பட்டுள்ளது" என்று பதிவுப் படிவத்தில் எழுதியிருந்த வாசகத்தை நான் அவருக்குக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. ஏமாந்தவர்களைப் பார்க்கும் பார்வையோடு, சுற்றிப்போகும் பாதையைக் கையால் காட்டிவிட்டார்.

எட்டாவது கிலோமீற்றரில் இருக்க வேண்டிய தண்ணீர் நிலையமும் இல்லை. வாக்களித்தவை நான்கு, நான் கண்டவை இரண்டு, அவற்றில் ஒன்றில் வாழைப்பழத் தோல்கள் மாத்திரமே மிஞ்சியிருந்தன. அட்டைகளைப் பற்றி எழுதப் போவதில்லை. ஜூன் மாதத்தில் அந்தக் காட்டுக்குப் போகிறவர் அட்டைக்கு முறைப்பாடு எழுத முடியாது.

ஆற்றைக் கடக்கும் இடத்தைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும். 1950 இல் இயங்கத் தொடங்கிய பழைய லக்சபான மின்நிலையத்துக்காக நோட்டன் பிரிட்ஜில் இந்த ஆறு மறிக்கப்பட்டு, நீர் மலையைக் குடைந்து மஸ்கெலியா ஓயாவின் பக்கம் கொண்டுபோகப்படுகிறது. அதனால் வறண்ட மாதங்களில் அணைக்குக் கீழே ஆறு மெலிந்து, பாறைகள் வெளித்தெரிந்து, குழந்தைகூடத் தாண்டிப் போகலாம் போல இருக்கும். தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் நிலைமை வேறு. மேற்கு மலைச்சரிவுகளில் மே முதல் செப்டெம்பர் வரை இடைவிடாது பெய்யும் மழையில் அந்த அணையின் விமலசுரேந்திர நீர்த்தேக்கம் நிரம்பி வான் பாயும், அல்லது வான்கதவுகள் திறக்கப்படும். கீழே தாழ்நிலங்களில் இருப்பவர்களை அவதானமாக இருக்கும்படி அறிவிப்பார்கள். ஹட்டனில் வளர்ந்த எவருக்கும் வானொலிச் செய்தியில் இது கேட்டுப் பழகிய வாசகம். எங்கள் வரைபடத்திலோ ஆற்றுக்கு நடுவே ஒரு நீலப்புள்ளியும், அதன் பக்கத்தில் "ஆழமற்ற இடம், நடந்து கடக்கலாம்" என்ற குறிப்பும் இருந்தன. வறண்ட காலத்துப் படத்தைப் பார்த்துவிட்டு மழைக்காலத்து ஓட்டத்துக்கு எழுதிய குறிப்பு.

நாங்கள் அங்கே போனபோது பத்தரை மணி. நீர் தேநீர் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. முன்னால் வந்த நான்கைந்து பேர் கரையில் நின்று, கைகோத்துக்கொண்டு இறங்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வழிநடத்துநர் எவரும் இல்லை, ஒரு கயிறுகூட இல்லை. அப்போது விறகுக் கட்டோடு மேலே ஏறிக்கொண்டிருந்த ஓர் அம்மா, கட்டை இறக்கி வைத்துவிட்டு எங்களிடம் வந்தார். "தம்பி, அந்தக் கல்லப் பாருங்க, நான் வெறகுக்கு வரயில அது முழுசாத் தெரிஞ்சிச்சு. எறங்காதீங்க" என்றார். நாங்கள் பார்த்தபோது அந்தப் பாறையின் உச்சி மட்டும் ஒரு சட்டி அளவுக்கு வெளியே இருந்தது. கால் மணி நேரத்தில் அதுவும் மறைந்துவிட்டது. அவர் அந்த வழியாக வராமல் இருந்திருந்தால் இந்தப் பதிவை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

ஆற்றைக் கடக்காமல் அதே கரையில் வெளியேற வேண்டுமானால் மேலே தெருவுக்கு ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த ஏற்றத்தில், பாசி படிந்த சரிவுப் பாறையொன்றில் மைத்துனரின் கால் வழுக்கி, இரண்டு கற்களுக்கு இடையில் சிக்கியது. பள்ளத்தாக்குக்குள் தொலைபேசிச் சமிக்ஞை இல்லை. 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் அம்பியுலன்ஸ் சேவை எத்தனை சிறப்பாக இருந்தாலும் அழைப்புப் போனால்தானே வரும். ஏற்பாட்டாளர் கொடுத்திருந்த அவசர இலக்கத்துக்கு, முகட்டுக்கு ஓடிப்போய் நின்று ஏழு தடவை அழைத்தேன். எட்டாவது தடவை தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தது. கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால் வருவதாகச் சொல்லப்பட்ட துணையாளரும் வரவில்லை. அந்த அம்மா தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போய் மூன்று இளைஞர்களை அனுப்பினார். அவர்கள் சாக்கையும் இரண்டு தடிகளையும் கொண்டு தூக்குக்கட்டில் போல ஒன்று கட்டி, ஒரு மணி நேரத்துக்கு மேலாகச் சுமந்து தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து கொழுந்து லொறியில் வைத்தியசாலைக்குப் போனோம். எவ்வளவு வற்புறுத்தியும் அவர்கள் பணம் வாங்கவில்லை.

மறுநாள் காப்புறுதிப் பத்திரத்தின் இலக்கத்தைக் கேட்டு எழுதினேன், ஏனெனில் கட்டணத்தில் காப்புறுதியும் அடக்கம் என்று எழுதியிருந்தார்கள். மூன்று நாள் கழித்து, "பங்கேற்பாளர்கள் தம் சொந்தப் பொறுப்பிலேயே ஓடினர்" என்ற ஒற்றை வரி பதிலாக வந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, நாங்கள் குறித்த பாதையை விட்டு விலகியதால் தகுதி இழந்துவிட்டோம் என்றார்கள். குறித்த பாதை ஆற்றுக்கு அடியில் இருந்தது என்பதை நான் படத்தோடு அனுப்பினேன். குழுவிலிருந்து என்னை நீக்கினார்கள். பணம் நிறுவனக் கணக்குக்கு அல்லாமல் ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்குக்குப் போயிருந்ததை அப்போதுதான் பற்றுச்சீட்டில் கவனித்தேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேட்டுக்கொண்டு, பற்றுச்சீட்டு, விளம்பரப் படம், உரையாடல் பிரதிகள் எல்லாவற்றையும் இணைத்து முறைப்பாட்டை அனுப்பினேன். இவற்றை அழிக்காமல் வைத்திருந்ததே எனக்கு இப்போதுள்ள ஒரே பலம்.

மலைநாட்டில் ஒழுங்காக நடத்தப்படும் ஓட்டங்களும் உண்டு, பொதுவில் திறந்துள்ள நல்ல பாதைகளும் உண்டு. கண்டியின் ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீக்கோ பாதை 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீள்கிறது. ஆகவே இந்த விளையாட்டையே விடும்படி நான் சொல்லவில்லை. பணம் கட்டுமுன் ஏற்பாட்டாளரிடம், "இந்தப் பாதையில் கடைசியாக ஓடியவர் யார், எந்த மாதத்தில்?" என்று மட்டும் கேளுங்கள். உண்மையில் போனவர் எந்த ஓடையில் கால் நனைந்தது, எந்தத் திருப்பத்தில் குளவிக்கூடு இருந்தது என்று நிறுத்தாமல் பேசுவார். போகாதவர் விளம்பரத்தில் உள்ளதையே திருப்பிச் சொல்வார்.

அதே ஆட்கள் இப்போது ஒக்டோபரில் நக்கிள்ஸ் பள்ளத்தாக்கொன்றில் 30 கிலோமீற்றர் ஓட்டம் என்று அறிவித்திருக்கிறார்கள். அது 2000 ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட மலைத்தொடர்; வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி பெறப்பட்டதா என்று அறிவிப்பின் கீழே கேட்டேன், கேள்வி அழிக்கப்பட்டது. அறிவிப்பிலுள்ள தொங்குபாலத்தின் படம் எங்கள் ஓட்டத்துக்குப் போட்ட அதே படம். அப்படியொரு பாலத்தை நாங்கள் அன்று எங்கும் காணவில்லை.