யமுனைக்கு ஒரே அளவா, மாதவாரி அளவா?

டெல்லியில் மயூர் விஹாரில் இருக்கும் நாங்கள் மறுகரையில் உள்ள ஐடிஓ பக்கம் போனால் யமுனையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். மே மாதம் பாலத்துக்குக் கீழே கறுப்பாக நகர்வது பெரும்பாலும் சாக்கடைதான். ஆற்றில் குறைந்தபட்சம் எவ்வளவு நீர் விட வேண்டும் என்று விதிக்க இரண்டு வழிகள் உண்டு: ஆண்டு முழுவதும் ஒரே அளவு, அல்லது மாதத்துக்கு ஏற்ப மாறும் அளவு.

யமுனைக்கு 1999-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது ஒரே அளவு: நொடிக்கு 10 கன மீட்டர். சரிபார்ப்பது சுலபம். ஆனால் ஹரியாணாவின் ஹத்னிகுண்ட் தடுப்பணையில் திறக்கும் நீர் டெல்லிக்கு வந்ததும் வசீராபாத் தடுப்பணையில் குடிநீருக்குப் போய்விடுகிறது. அதற்குக் கீழே ஆற்றை நிரப்புவது நகரின் சாக்கடையைக் கொண்டுவரும் நஜஃப்கர் வடிகால்!

கங்கைக்கு 2018-இல் வந்தது மாதவாரி அளவு. ஹரித்வார் வரையிலான மேல் கங்கையில் நவம்பர் முதல் மார்ச் வரை வரத்தில் 20 சதவீதம், அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25, மழைக்காலத்தில் 30. மீன் இனப்பெருக்கத்துக்கும் வண்டல் நகரவும் இந்த ஏற்ற இறக்கம் வேண்டும்.

என் ஓட்டு மாதவாரிக்கே. ஆனால் வரத்து குறைந்தால் சதவீதக் கணக்கும் சுருங்கும். அதனால் அந்த 10 கன மீட்டரை அடிமட்டமாக வைத்து, அளவை வசீராபாத்துக்குக் கீழே எடுக்க வேண்டும்.