அல்பிரசோலம் குறைப்பு: அதே மாத்திரையிலா, டயசிபாம் வழியாகவா?

பல ஆண்டுகளாக இரவுதோறும் பதற்றம் தணிக்கும் மாத்திரையான அல்பிரசோலம் 0.5 மில்லிகிராம் எடுத்து வருபவருக்கு, குறைக்கலாம் என்று மருத்துவர் சொன்னதுமே உள்ளங்கை வியர்ப்பது கோழைத்தனம் அல்ல; ஒரு வேளை தவறியபோது வந்த படபடப்பை அந்த உடல் மறக்கவில்லை.

அதே மாத்திரையைச் சிறிது சிறிதாகக் குறைப்பது ஒரு வழி. பழகிய மருந்து என்பதால் மனம் இதை எளிதில் ஏற்கிறது. ஆனால் ரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ 11 மணி நேரத்தில் பாதியாகிவிடுவதால், அடுத்த வேளைக்கு முன்பே பதற்றம் தலைதூக்கலாம். அதை நோய் திரும்பிவிட்டதாக எண்ணிப் பழைய அளவுக்கே போய்விடுபவர்கள் உண்டு. 0.25 மில்லிகிராம் மாத்திரையைப் பிளேடால் நான்காக வெட்டும்போது ஒரு துண்டு பெரிதாகவும் மற்றொன்று வெறும் பொடியாகவும் ஆகிவிடுவது இன்னொரு சிக்கல்.

மற்றது, அதே வகை மருந்தான டயசிபாமுக்குப் படிப்படியாக மாறி, பிறகு அதைக் குறைப்பது. இங்கிலாந்தின் நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே சிகிச்சைப் பிரிவு நடத்திய பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் இம்முறையைப் பரவலாக்கினார். அவர் கணக்கில் 0.5 மில்லிகிராம் அல்பிரசோலத்துக்கு 10 மில்லிகிராம் டயசிபாம் ஈடு. அது உடலில் நாட்கணக்கில் தங்குவதால் இறக்கம் சீராக இருக்கும். 2 மில்லிகிராம் மாத்திரையும் இருப்பதால் சிறு குறைப்பு கைகூடும். எனக்கு இதுவே மேலாகத் தோன்றுகிறது. முதியவர்களுக்கும் கல்லீரல் நோயாளிகளுக்கும் மட்டும் அது உடலில் தேங்கித் தள்ளாட்டம் தரக்கூடும்.

எவ்வழியிலும் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்பதால், மருத்துவர் மேற்பார்வையில், 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் குறைத்து, தாங்காதபோது அதே படியில் சில வாரங்கள் நின்றுகொள்ளலாம்.