ஏற்றுமதி மெயில் தொடர்: உடனே பதிலா, வேளை வைத்தா, மியூட்டா?

மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் நண்டு, இறால் ஏற்றுமதி அலுவலகங்களில் டாக்குமெண்ட் வேலை பார்ப்பவர்களுக்கு மெயில் ஒற்றையாக வருவதில்லை, தொடராகத்தான் வரும். வாங்குபவர், ஷிப்பிங் ஏஜெண்ட், வங்கி, முதலாளி எல்லோரும் அதில் இருப்பார்கள். கண்டெய்னர் போய்ச் சேரும் வரை பேச்சு ஓயாது.

பெரும்பாலானவர்கள் செய்வது, வந்தவுடன் பதில். முதலாளிக்கும் இதுதான் பிடிக்கும். ஆனால் காலையில் நண்டு எடை போடும் இடத்தில் நின்று பாருங்கள். ஒருவர் தராசைப் பார்த்து எடையைச் சொல்ல, இன்னொருவர் நோட்டில் ஏற்றுவார். இடையில் போன் சத்தம் போட்டால் பேனா நின்றுவிடும். "எந்தக் கூடை வரைக்கும் எழுதுனீங்கண்ணே?" என்று மறுபடி முதலிலிருந்து. அந்த நோட்டிலிருந்துதான் பேக்கிங் லிஸ்ட்டே போடுகிறோம். இன்னொன்று, நாம் உடனே பதில் போட்டால் எதிராளியும் உடனே அடுத்த கேள்வியை அனுப்புகிறார். ஒரே மெயிலில் முடிய வேண்டியது ஏழெட்டாக நீளும்.

வேளை வைத்துப் பார்ப்பது என் கட்சி. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் குஷ்லெவ், டன் இருவரும் 124 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2015-ல் வந்தது. ஒரு வாரம் நாளுக்கு மூன்று வேளை மட்டும் மெயில் பார்த்தபோது, இஷ்டப்படி பார்த்த வாரத்தைவிட அவர்களுக்கு மன அழுத்தம் குறைந்தது. நம் தொழிலுக்குக் கடிகாரமும் ஒத்துழைக்கிறது. நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் மாலை 6:30, குளிர்காலத்தில் 7:30. லண்டனில் 9 என்றால் நமக்கு மதியம் 1:30 அல்லது 2:30. காலை பத்து மணிக்கு அவசர அவசரமாக அமெரிக்காவுக்குப் பதில் போட்டால், அங்கே ஆள் தூங்கிக்கொண்டிருப்பார். எடை வேலை முடிந்ததும் ஒரு தடவை, மூன்று மணி வாக்கில் ஒரு தடவை, இரவு ஏழரைக்கு ஒரு தடவை போதும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் நிற்கும்போது இதையும் குறைத்துக்கொள்ளலாம். இதில் குறை, அன்றைக்கே முடிய வேண்டிய காரியம் தவறிவிடலாம். அதற்கு மெயில் ஏற்ற வழியே இல்லை. போன் போடச் சொல்லி ஏஜெண்டிடம் முன்கூட்டியே பேசி வைத்துவிட வேண்டும்.

மியூட்டைப் பற்றிக் கொஞ்சம் கவனம். ஜிமெயிலில் மியூட் போட்டால் புதுப் பதில்கள் இன்பாக்ஸுக்கு வராது, தேடினால் கிடைக்கும். அவுட்லுக்கில் இக்னோர் போட்டாலோ அந்தத் தொடர் மொத்தமும், இனி வருவதும் சேர்த்து, டெலிட்டட் ஐட்டம்ஸுக்குப் போய்விடும். சரக்கு சம்பந்தப்பட்ட தொடரில் இக்னோரைத் தொடவே கூடாது. நகலில் சும்மா நம் பெயரைச் சேர்த்திருக்கும் பேச்சுகளுக்கு ஜிமெயில் மியூட் நல்ல வழி. ஆனால் யாராவது தலைப்பை மாற்றிவிட்டால் அது புதுத் தொடராக மறுபடி முளைக்கும்.

ஸ்னூஸ் பழைய மெயிலை நாளைக்குத் தள்ள உதவும். ஓடிக்கொண்டிருக்கும் தொடருக்கு உதவாது. புதுப் பதில் வந்தால் அப்போதே மேலே வந்துவிடும்.

வேளை வைப்பதோடு நான் சேர்க்கச் சொல்வது ஜிமெயிலில் ஒரே ஒரு லேபிள், அதாவது மெயில்களைப் பிரித்து வைக்கும் அடையாளச் சீட்டு. இந்த வாரம் ஏற்றும் சரக்கின் வாங்குபவர், ஏஜெண்ட் இருவரின் மெயில் மட்டும், அனுப்பியவரைப் பார்த்துத் தானாகப் பிரிக்கும் ஃபில்டர் வழியாக அதில் விழட்டும். ஆண்ட்ராய்டு போனில் அந்த லேபிளுக்கு மட்டும் சத்தம் வைத்து, மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். சரக்கு கிளம்பியதும் ஃபில்டரில் பெயரை மாற்ற மறக்காதீர்கள். மறந்தால் போன வாரத்து ஆட்களுக்காகப் போன் கத்திக்கொண்டிருக்கும்.